இரண்டு செங்கல் பாஸ்

படிப்பகப் பலகையைப் பார்ப்பவர்களுக்கு, இன்று காலை நடந்ததை எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் முதியோர் பள்ளிக்குச் சுவர் வைக்க, விக்கிரவாண்டி சூளையிலிருந்து செங்கல் வந்து இறங்கியது. ஓவர்சியர் சரி என்றால்தான் மழைக்கு முன் சுவர் எழும்பும்.

"ஒரு கல்லுகூட உடையக் கூடாது. ஆனா உறுதி தெரியணும்" என்றார் அவர்.

சூளைக்காரர் மாணிக்கம் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்றது. "நல்லா வெந்த கல்லுதான் இப்படிப் பாடுங்க."

ஓவர்சியருக்குக் காது மந்தம். ஒப்புக்கொள்ள மாட்டார். "சத்தம் பத்தலையே."

"கேக்கலீங்களா?"

"எனக்குக் கேக்குது. கல்லுதான் சத்தம் போட மாட்டேங்குது."

மாணிக்கம் பலமாகத் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். இரண்டு கல்லும் உடைந்து நாலு துண்டாய் விழுந்தன.

"இப்பதான் சரியான சத்தம்" என்று ஓவர்சியர் தாளில் எழுதினார். பின்னால் நின்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இரண்டு கல் உறுதி. மற்றவற்றையும் இவ்வாறே சோதிக்கவும்.'

"இப்படியே தட்டிக்கினு போனா ஜல்லிதான் மிஞ்சும்" என்று மாணிக்கம் உட்கார்ந்துவிட்டார்.

இதை ஓவர்சியரிடம் யாராவது சொல்ல வேண்டும். சத்தமாகப் பேசத் தெரிந்தவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.