கிணத்துக்கடவில் ஒரு லட்சிய நாடு

என் அப்பாவுக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. தொண்ணூறுகளின் நடுவில், நான் பிளஸ் டூ எழுதி முடித்த கோடையில், கோயம்புத்தூருக்குத் தேங்காய் வியாபாரம் பேசப் போனவர் உக்கடம் பழைய புத்தகக் கடையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீதி என்றால் என்ன, குறையே இல்லாத நாடு எப்படி இருக்கும் என்று ஒரு பழைய கிரேக்க ஞானி யோசித்து வைத்ததைத் தமிழில் போட்டிருந்தார்கள். அட்டை கிடையாது. நடுநடுவே பக்கங்களும் கிடையாது. அதோடு எங்கள் வீட்டு நிம்மதியும் கிடையாது என்று ஆனது.

"அறிவு இருக்கறவன் ஆளோணும். தைரியம் இருக்கறவன் காவல் காக்கோணும். மத்தவங்க பாடுபடோணும். அவிய அவிய வேலையை அவிய அவிய பார்த்தா அதுதான் நீதி" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அறிவித்தார்.

"இதுல நீங்க யாருங்க?" என்றார் அம்மா.

"நான் ஆள்றவன்."

"அப்ப இந்தத் தேங்காயைத் துருவறது?"

"அது பாடுபடற கூட்டம்."

அம்மா துருவிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. காவல் பதவி எங்கள் நாய்க்குப் போயிற்று. காவலர்கள் நல்ல நாயைப் போல, தெரிந்தவரிடம் குழைந்து, தெரியாதவரைப் பார்த்து உறும வேண்டும் என்று அந்த ஞானியே சொல்லியிருக்கிறாராம். எங்கள் நாயோ கேஸ்காரர், சீட்டுக்காரர், வழி கேட்க வந்தவர் என்று எல்லோரிடமும் வாலாட்டியது. உறுமியது அப்பாவிடம் மட்டும்தான்.

அடுத்த வாரம் அப்பாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆள்கிறவனுக்குச் சொந்தமாக வீடு, நிலம், தங்கம் எதுவும் இருக்கக்கூடாது, அப்போதுதான் அவன் நியாயமாக ஆள்வான் என்று உருகி உருகிப் படித்துக் காட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அப்படீங்களா? அப்பத் தோப்பு யார்துங்க?"

"அது... பாடுபடற மக்களுதுன்னு வெச்சுக்கலாம்."

"மக்கள்னா நான்தானுங்களே" என்று மோட்டார் ரூம் சாவியை அவர் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் அரசர் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் சமையலறை வாசலில் நின்று சாவி கேட்டார்.

இதெல்லாம் கூத்து. கூத்து இல்லாத விஷயம் ஒன்றும் அந்தக் கோடையில் இருந்தது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கணிதம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் கோபிசெட்டிபாளையத்தில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தன் பையனுக்கு என்னைக் கேட்டிருந்தார். அத்தை நல்ல மனுஷி. பையனும் நல்லவன். எனக்குக் கல்யாணம்தான் வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னேன். "அக்கா கேட்டு எப்படிக் கண்ணு இல்லீங்கறது?" என்றார்.

அவர் யாருக்குமே இல்லை என்று சொன்னவரில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து ஏணி கேட்டால் "ஆகட்டுங்க". நாங்கள் ஏறி நின்றுகொண்டிருக்கும்போது அதே ஏணியைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பார். இந்த லட்சணத்தில் ஒரு நாடு, அதற்கு ஒரு ராஜா!

கடைசியில் அத்தையே வழி சொன்னார். கொடுமுடிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்திடம் பூப் போட்டுக் கேட்டுவிடலாம். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் காலேஜ். அப்பா வழக்கம்போல "ஆகட்டுங்கக்கா" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் புத்தகத்தில் புதிதாக ஒரு இடம் கண்டுபிடித்தார். அந்த நாட்டில் யாருக்கு யார் ஜோடி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்களாம். ஆனால் நாட்டு நன்மைக்காக ஆள்கிறவர்கள் ரகசியமாகச் சீட்டை மாற்றி வைத்துவிடுவார்களாம். "பாரு, பொய்தான். ஆனா நல்ல பொய்" என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அக்கா மனம் நோகக்கூடாதென்று மனிதர் இரண்டிலும் சிவப்பை வைக்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வழி நெடுகிலும் வேனில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நீட்டிய முறுக்கையும் வாங்கவில்லை.

பொட்டலங்களை வீட்டிலேயே வாழையிலையில் கட்டி எடுத்து வந்தவர் அம்மா. கோயிலில் அப்பா அவற்றை வாங்கிக்கொண்டு, ஆற்றில் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று போய் வந்து, பூசாரியிடம் கொடுத்தார். ஏதாவது குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். அன்றைக்குக் கோயிலில் எங்களைத் தவிர ஆளில்லை. "நானே எடுக்கறனுங்க" என்று அத்தை கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அத்தை முகம் ஒரு கணம் சுருங்கிச் சரியானது. "சாமி சொல்லிப்போட்டா சரிதான். அந்தச் சிவப்புப் பூவைக் குடுங்க, ஊட்டுல சாமி படத்துக்கு வெச்சுக்கறேன்" என்று இன்னொன்றையும் வாங்கிப் பிரித்தார்.

அதுவும் வெள்ளை.

பூசாரி மேலே பார்த்தார். அம்மாவால் தாங்க முடியவில்லை. "நாந்தானுங்க ரெண்டுலயும் வெள்ளைய வெச்சேன். புள்ள படிக்கட்டுமுன்னு செஞ்சுபோட்டனுங்க" என்று அழ ஆரம்பித்தார்.

"நீ இல்லம்மிணி" என்றார் அப்பா. அவருக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது. "உன்றது இங்கல்லோ இருக்குது" என்று சட்டைப் பையிலிருந்து கசங்கிய இரண்டு பொட்டலங்களை எடுத்தார். அம்மா கட்டியதை ஆற்றங்கரையில் மாற்றிவிட்டு, தான் கட்டி வந்ததை வைத்திருக்கிறார்.

அத்தை அதையும் வாங்கிப் பிரித்துப் படியில் வைத்தார். நான்கும் வெள்ளை. சிவப்பு என்று மருந்துக்குக்கூட ஒன்றில்லை. இந்த மனிதரிடமா முறுக்கு வாங்காமல் வந்தோம் என்று எனக்கு அழுகை முட்டியது, சிரிப்பும் முட்டியது.

அத்தை ஒரு பூவை எடுத்து என் கையில் வைத்தார். "போய்ப் படி அம்மிணி. சாமி நாலு தடவை சொல்லியாச்சு." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "ஏந்தம்பி, 'வேண்டாங்கக்கா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கேக்க மாட்டனா? அத்தத்தண்டி பொஸ்தகம் படிக்கறியே, அதுல அதைச் சொல்லித் தரலியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பக்கம் கிழிஞ்சுபோச்சுங்கக்கா."