கிண்ணிக்குள் வைத்த பொட்டு

வ. புதுப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் சுப்புராஜுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அவர் ராஜபாளையத்தில் நூல் வியாபாரம் செய்தவர். தோப்புக்குக் காவல் வீரணன். காட்டுப்பன்றிகள் தென்னங்கன்றுகளைக் கிளறிப் போடாமல் விரட்டத் துப்பாக்கி உண்டு. லைசென்சில் வீரணன் பெயரும் இருந்தது. மோட்டார் ரூமை ஒட்டிய ஓட்டு வீடு அந்த வேலையோடு வந்தது. அவனுக்கும் மனைவி குருவம்மாளுக்கும் வேறு கூரை கிடையாது.

சுட்டுக் காலியான பித்தளைத் தோட்டாக் கூடுகளில் அவனே மறுபடி மருந்து நிரப்புவான். கருமருந்து ஈரத்தை இழுக்கும் என்று, மருந்து அளக்கும் கிண்ணி, புனல், அமுக்கும் மரக்கட்டை எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துத் தகரப் பெட்டியில் வைப்பான். குருவம்மாள் தொட்டால் சண்டைதான்.

"எனக்கா தாலி கட்டினிய, அந்தக் கிண்ணிக்கா?" என்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஆயுத பூசைக்கு மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் சந்தனம் வைத்தவள், கிண்ணியிடம் வந்ததும் தயங்கினாள். வெளிப்பக்கம் கண்ணாடியாய் மின்னியது. அதில் கறை பட்டால் ஏசுவான். உள்ளே, அடியில் பொட்டு வைத்தாள்.

மறுநாள் வீரணன் அதே கிண்ணியால் அளந்து நிரப்பினான். பூசைக்கென்று கழுவியதுதானே என்று உள்ளே பார்க்கவில்லை. சந்தனம் மருந்தின் அளவைக் குறைத்தது. காயாத ஈரம் மருந்தில் ஏறியது. விடியற்காலையில் பன்றிகள் வந்தன. முதல் வெடி புஸ்ஸென்று அடங்கி, மருந்தின் மேல் அமுக்கியிருந்த அடைப்பு வெளியே போகாமல் குழலிலேயே சிக்கி நின்றுவிட்டது. அவன் குழலைப் பார்க்காமல், முன்பே நிரப்பி வைத்திருந்த நல்ல தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டான். குழல் வெடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

சுப்புராஜ் வந்து பெட்டியைத் திறந்தார். கிண்ணியின் அடியில் மருந்தும் சந்தனமும் கெட்டியாய் ஒட்டியிருந்தன. கடைசியாகத் துடைத்தது யார் என்று கேட்டார். தான்தான் என்றான் வீரணன். குருவம்மாள் குறுக்கே வந்தாள்.

"மொதலாளி, பொட்டு வச்சது நான். அவிய மேல தப்பில்ல."

"வச்சது நீ. பாக்காம நெறச்சது யாரு?"

கோபமில்லாமல்தான் கேட்டார். கான்சாபுரத்திலிருந்து வேறு ஆள் குடும்பத்தோடு வருவதாகவும், வாரக் கடைசிக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு சந்துக்குள் குடியேறினார்கள். குருவம்மாள் மில்லுக்குப் போனாள். வீரணன் சைக்கிள் ஸ்டாண்டில் வேலை கேட்டான். ஒற்றைக் கையால் எப்படி வண்டியைத் தூக்கி அடுக்குவாய் என்றார்கள். தினமும் சோறு வடிக்கும்போது அவள் சுப்புராஜை வாய் ஓயாமல் ஏசுவாள். ஒருநாள் அவன் சொன்னான்:

"விடு, ஏட்டி. பாக்காம நெறச்சது யாருன்னு அவரு சரியாத்தான கேட்டாரு."

அதன் பிறகு அவள் ஏசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு மில்லுக்குப் போவாள். அவன் பகல் முழுவதும் கதவைப் பார்த்துப் படுத்திருப்பான்.