ஹாட்பாக்ஸில் வைத்த தயிர் சாதம்

எனக்குச் சமைக்கத் தெரியாது. இந்த ஒரு வரியை ஆபீசில் சொல்ல எனக்கு நான்கு வருஷம் ஆனது.

மைசூர் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரம், மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் எதிர் மேஜை மேடம் என் கத்தரிக்காய்ப் பொரியலில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்களே பண்ணதா?" என்று கேட்டார். என் வாய் நிறையச் சோறு. தலை தானாக ஆடிவிட்டது. விழுங்கிய பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் பக்கத்து மேஜைக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்து, "சென்னாகிதே!" என்று கன்னடத்தில் எல்லார் காதிலும் விழும்படி புகழ்ந்துவிட்டார். புகழ் எனக்குப் பிடித்திருந்தது. வேறென்ன காரணம் சொல்ல?

சமைப்பவர் என் வீட்டுக்காரர். எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரர். கல்யாணத்துக்கு முன்பு நாலு பேரோடு ஒரே ரூமில் தங்கி, அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டியவர். இன்றைக்கும் ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் என் டப்பாவைக் கட்டி மேடைமேல் வைத்துவிட்டுத்தான் போவார். நான் எழுந்து அதை எடுத்துப் பையில் வைப்பேன். என் சமையல் அவ்வளவுதான்.

தசரா லீவுக்கு முந்தின நாள் ஃபேக்டரியில் ஆயுத பூஜை நடக்கும். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்து அனுப்புவார்கள். இந்த வருஷம் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. பூஜை முடிந்ததும் பாட்லக், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு ஐட்டம். மேடம் பிசிபேளேபாத் என்றார். இன்னொருவர் ஹோளிகெ, நம்ம போளிதான். சமைக்கத் தெரியாதவர்கள் மட்டும் குரூப்பில் புலம்ப ஆரம்பித்தார்கள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த கொள்ளேகால் பெண், "அக்கா, ஈசியா எனக்கு ஏதாவது சொல்லுங்க" என்று என்னிடம் வந்தாள்.

சொன்னேன். அளந்துவிட்டேன் என்பதுதான் சரி. அடுப்பே இல்லையா, கோசம்பரி செய். பாசிப்பருப்பை ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காயும் தேங்காய்ப்பூவும் கலந்தால் முடிந்தது. உப்பு மட்டும் பரிமாறும்போது போடு, முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சித்ரான்னம் கொண்டுவருகிறேன் என்ற பையனிடம், அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், இல்லையென்றால் கசக்கும் என்றேன். எல்லாம் லீவு நாளில் வீட்டுக்காரர் சமைக்கும்போது நான் காபி டம்ளரோடு நின்று காதில் வாங்கியது.

எனக்கென்று புளியோதரை சொல்லி வைத்திருந்தேன். அவர்தான் செய்து கொடுப்பார். ஆனால் இரண்டு நாள் முன்னால் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். சாப்பாடு சொதப்பினால் நாலு வருஷப் பேரும் அன்றோடு போச்சு. உடனே குரூப்பில், "எல்லாரும் காரமா கொண்டுவர்றீங்க, நான் தயிர் சாதம் கொண்டுவரேன்" என்று பெருந்தன்மையாக எழுதினேன். உலகத்திலேயே சுலபமான சமையல் அதுதானே.

பூஜையன்று காலையில் அவருக்குப் போன் போட்டேன். "சாதத்தைக் கொழைய வடி. பாலு நெறையா ஊத்து, தயிரு ஒரு கரண்டி போதும். மத்தியானத்துக்குள்ள தானா ஒறஞ்சுக்கும். ஆனா ஒண்ணு..."

"தெரியும், தெரியும். தயிர் சாதத்துக்கெல்லாம் பாடம் எடுக்காதீங்க" என்று போனை வைத்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பொங்கி வந்த பாலைக் கொதிக்கக் கொதிக்கச் சாதத்தில் கொட்டினேன். ஒரு கரண்டி தயிர், உப்பு, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மேலே மாதுளை முத்துகூடத் தூவினேன். பார்க்க அத்தனை அழகு. அத்தனை பேருக்கும் போதுமான பாத்திரம் வீட்டில் ஹாட்பாக்ஸ் ஒன்றுதான் இருந்தது. அதில் போட்டு மூடியை அழுத்தித் திருகினேன்.

மத்தியானம் எல்லார் முன்னாலும் திறந்தேன். தயிர் சாதத்திலிருந்து ஆவி வந்தது. என் கண்ணாடி பனித்துப்போனது. துடைத்துவிட்டுப் பார்த்தால், பால் எல்லாவற்றையும் சாதம் குடித்துவிட்டுக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. கரண்டியைக் குத்தினேன், கரண்டி நின்றது.

"இது பொங்கலா?" என்றார் மேடம்.

"ஆமா, எங்க பக்கத்துப் பால் பொங்கல்" என்று கூசாமல் சொன்னேன். எங்கள் பக்கம் எது என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூரில்தான்.

எல்லாரும் மரியாதைக்கு ஒரு வாய் வைத்தார்கள். பாலும் உப்பும் பச்சை மிளகாயும் சூடாக வாய்க்குள் போனால் முகம் எப்படி ஆகும் என்று வரிசையாகப் பார்த்தேன். ஒருத்தரும் "சென்னாகிதே" சொல்லவில்லை. பக்கத்தில் கோசம்பரிப் பாத்திரம் மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது.

அந்தக் கொள்ளேகால் பெண் வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, லைஃப்ல ஃபர்ஸ்ட் டைம் நான் பண்ணது. நீங்க சொன்ன மாதிரி உப்பு கடைசியில ஹாக்கினேன். எல்லாம் காலி! தேங்க்ஸ் அக்கா" என்றாள் கன்னடம் கலந்த தமிழில். அவள் கண் கலங்கியிருந்தது.

மற்றவர்கள் புகழ்ந்தபோதெல்லாம் நன்றாக வாங்கி வைத்துக்கொண்டவளுக்கு இந்த ஒரு தேங்க்ஸை மட்டும் வாங்க முடியவில்லை.

"அது நான் சொன்னதே இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் சொன்னது. தினமும் என் டப்பாவுலேர்ந்து நீங்கள்லாம் சாப்பிடறதும் அவர் பண்ணதுதான். நாலு வருஷமா. நான் பண்ணது இது ஒண்ணுதான்" என்று ஹாட்பாக்ஸைக் காட்டினேன்.

மேடம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகு, என் ஹாட்பாக்ஸைக் காலி செய்து கழுவி, பிசிபேளேபாத்தை நிரப்பினார். மேலே இரண்டு ஹோளிகெ. "இது அவருக்கு. நீங்க தொடக்கூடாது" என்றார்.

சாயங்காலம் அவர் ஊரிலிருந்து திரும்பினார். ஹாட்பாக்ஸைத் திறந்து பார்த்தார். "யாரு குடுத்தாங்க?"

"ஆபீஸ்ல. உங்களுக்குத்தான்."

"எனக்கா? என்னை அவங்களுக்குத் தெரியவே தெரியாதே."

எல்லாவற்றையும் சொன்னேன். அசடு வழியச் சொன்னேன். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாலு ஆறட்டும்னு சொல்றதுக்குள்ள போனை வெச்சுப்போட்டியே" என்று சிரித்தார். கைகழுவக் குழாயைத் திறந்தவர், சிரிப்பு நின்று, திரும்பாமலே கேட்டார்.

"நாலு வருஷமாவா? நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?"

ஆபீசை ஏமாற்றியதைத்தான் இத்தனை நாள் பெரிய தப்பாக நினைத்திருந்தேன். வந்த பாராட்டில் ஒன்றைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தினமும் அவர் பார்த்ததெல்லாம் காலி டப்பாவை மட்டும்தான். அதையும் அவரே கழுவி வைத்தார். எனக்கு அழுகை வந்தது. "சொன்னாங்க" என்றேன்.

"எதைச் சொன்னாங்க?" என்றார்.

"மொதல்ல அந்தக் கத்தரிக்காய்ப் பொரியல்..."

அவர் குழாயை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.