ஒன்பது வரை எண்ணும் குரல்

நான் எதையும் எண்ணுகிறவன். பேருந்தின் ஜன்னல்கள், தட்டில் விழும் இடியப்பம், செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடங்கள் என்று கண்ணிலும் காதிலும் படுவதையெல்லாம் எண்ணுவேன். வேலைக்காலம் முழுவதும் கணக்குப் பார்த்தே பிழைத்தவன். முதலில் யாழ்ப்பாணத்தில், பிறகு லண்டனில் ஒரு கவுன்சிலின் நிதிப் பிரிவில். அதை யாரும் வியாதியாக எடுத்ததில்லை. மனைவி இருந்தவரை அது வீட்டில் ஒரு பகிடி. அவள் போன பிறகு வாய்விட்டு எண்ணத் தொடங்கியிருக்கிறேன் போலும். அது எனக்கே தெரியாமல் இருந்தது. மகள்தான் கண்டுபிடித்தாள்.

ஹரோவில் உள்ள என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. ஒருநாள் சொல்லாமல் வந்தவள் கதவைத் திறந்து நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஆரோட கதைக்கிறியள் அப்பா?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"எண்ணிக்கொண்டிருந்தியள். சத்தமா."

"கோப்பையளை எண்ணினனான்."

"தண்ணித் தொட்டியில ரெண்டு கோப்பைதானே கிடக்கு."

அதோடு விடவில்லை. டாக்டரிடம் சொல்லி, ஞாபகசக்தியைச் சோதிக்கும் கிளினிக்கில் ஒரு வியாழக்கிழமைக்கு எனக்கு நேரம் எடுத்துவிட்டாள். தனியாக இருக்க ஏலாது என்று அவர்கள் எழுதிவிட்டால், குரோய்டனில் அவள் வீட்டு மாடியில் எனக்கொரு அறை தயார். கட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று. ஜன்னலைத் திறந்தால் ட்ராம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்தோடு பனியில் வரிசையில் நின்ற ஊர் அது. குடிவரவுத் திணைக்களத்தின் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்க்காமல் அங்கே எந்தத் தெருவிலும் திரும்ப முடியாது. மிச்சக் காலத்தை அதன் நிழலில் கழிக்க எனக்கு விருப்பமில்லை. என் வீட்டில், என் குசினியில், என் மனைவி வைத்த இடத்திலேயே இருக்கும் சீனிப் போத்தலோடு இருக்கத்தான் விருப்பம்.

அந்த வியாழனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மகள் என்னைத் துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூப்பிட்டாள். இரண்டு வருடமாக அவள் அங்கே போய்வருகிறாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவளுக்கு அங்கேதான் மனம் அடங்குகிறதாம். அன்றைக்கு உறுப்பினர்கள் ஆளுக்கொரு விருந்தினரைக் கூட்டிவரலாம். துப்பாக்கி என்றதும் நான் முகத்தைச் சுழித்தேன்.

"அப்பா, இது காத்தழுத்தத்தில சுடுற கைத்துவக்கு. வெடிமருந்து வகையை இந்த நாட்டில சாதாரண ஆக்கள் வைச்சிருக்கவே ஏலாது. ஒரு சின்ன ஈயக் குண்டு, பத்து மீற்றர். அவ்வளவுதான்."

"எனக்கேன் அது?"

"வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? எண்ணவோ?"

போகச் சம்மதித்தேன். கை நடுங்காது, தலை கலங்கவில்லை என்று அவள் கண்ணெதிரில் காட்டலாம் என்பதுதான் காரணம். அன்று முழுவதும் எதையும் எண்ணுவதில்லை என்று தீர்மானமும் எடுத்தேன். நாக்கை மேற்பல்லோடு அழுத்தி வைத்துக்கொண்டால் எண்ண வராது. வீட்டில் பழகிப் பார்த்திருந்தேன்.

அந்த இடம் ஒரு பழைய மண்டபத்தின் கீழே, நிலவறையில் இருந்தது. படிகளை எண்ணாமல் இறங்கினேன். எண்ணாமல் இறங்கும் படிகள் முடியாத படிகள் போல இருந்தன. கீழே கதவைத் திறந்ததும் தரைவிரிப்பு. பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அங்கே பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார மனிதர், பெரிய உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர், என் காலுறைகளையே சிறிது நேரம் பார்த்தார். தரையில் ஈயத் தூசி இருக்கும், தயவுசெய்து சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"கோயில் எண்டு நினைச்சிட்டார்," என்று மகள் தமிழில் தனக்குள் சொல்லிச் சிரித்தாள்.

உள்ளே நாங்கள் நின்ற பக்கம் முழுவதும் அரை இருட்டு. அந்தக் கோடியில் மட்டும் வெள்ளை வெளிச்சம். அதில் வரிசையாகத் தொங்கும் அட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்பு வட்டம். பார்க்கப் பார்க்க அவை அட்டைகளாகத் தெரியவில்லை. யாரோ வரிசையாக நின்று திறந்த வாயோடு எங்களைப் பார்ப்பது போல இருந்தது. சுடுபவர்களுக்கிடையே தோள் உயரத்துக்குப் பலகைத் தடுப்புகள். யாரும் பேசவில்லை. வேட்டுச் சத்தமும் நான் எதிர்பார்த்ததல்ல. சோடாப் போத்தல் திறப்பது போல ஒரு சின்ன ஓசை, கூடவே அந்தக் கோடியில் தகரத்தில் ஒரு 'டிக்'. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளி இல்லாததுதான் என்னை ஏனோ உறுத்தியது.

பொறுப்பாளர் விதிகளைச் சொன்னார். துவக்கின் வாய் எப்போதும் அட்டைப் பக்கம். அவர் 'நிறுத்து' என்றால் மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். மேலே போகுமுன் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும். பிறகு ஒரு சின்னத் தகர டப்பாவைத் தந்தார். இடுப்பு ஒடுங்கிய ஈயக் குண்டுகள், மிளகை விடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றை எடுக்க வரவில்லை. கவுன்சிலில் தாள் புரட்டிய கை. விரலை நாக்கில் தொட்டுவிட்டு டப்பாவுக்குள் விட்டேன். இன்னொரு தரம் நாக்கில் வைத்தபோது மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்து, ஈயம் விஷம் என்றார்.

"அப்பா, அது கச்சான் கடலை இல்லை," என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகள் சொன்னாள்.

போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். ஒன்றும் நல்ல சகுனமாகப் படவில்லை.

துவக்கு நினைத்ததை விடப் பாரம். இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் இருந்த தாங்கியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழல் நுனியில் இருக்கும் முன்குறியைக் கூர்ந்து பார்த்தால் அட்டை மங்கும். அட்டையைப் பார்த்தால் முன்குறி மங்கும். மங்கினால் மங்கட்டும், முன்குறியை மட்டும் பாருங்கள் என்றார். விசையை அழுத்தினேன். 'டிக்'. மேசையில் இருந்த பொத்தானை அமுக்கியதும் அட்டை கம்பியில் ஊர்ந்து இருட்டுக்குள் என்னிடம் வந்தது. வெள்ளைப் பகுதியில், ஒரு மூலையில், ஒரு துளை. நடுக்கம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அட்டை திரும்பிப் போனது. இரண்டாவதை ஏற்றிக் கையை வைத்தேன். அப்போதுதான் கேட்டது.

ஒண்டு. ரெண்டு. மூண்டு.

கிசுகிசுப்பு. என் காதுக்கு மிகப் பக்கத்தில்.

நாலு. அஞ்சு.

நாக்கை அழுத்திப் பார்த்தேன். பல்லோடு ஒட்டித்தான் இருந்தது. ஒரு கையை எடுத்து உதட்டைத் தொட்டேன். மூடியிருந்தது. எண்ணிக்கை நிற்கவில்லை. எட்டு. ஒம்பது. அதோடு சோடாப் போத்தல் ஓசை எங்கோ கேட்டது, 'டிக்' கேட்டது, பிறகு ஒரு சொல் கேட்டது.

"போட்டுது."

துவக்கை மேசையில் வைத்துவிட்டேன். எண்ணியது யார் என்று சொல்ல முடியாது. கிசுகிசுப்புக்கு ஆண், பெண் இல்லை. ஆனால் கடைசிச் சொல் என் மனைவியுடையது. 'போ'வில் சற்று இழுத்து, முடிவில் அலுப்போடு விடுவாள். அவள் இறந்து நாலு வருடம்.

அந்தக் கணக்கு வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டு வளவில் பதுங்க ஒரு பங்கர்க் குழி வெட்டியிருந்தோம். இராணுவ முகாமிலிருந்து ஷெல் ஏவும் 'டும்' சத்தம் கேட்டதும் மூன்று பேரும் அதற்குள் இறங்கிவிடுவோம். நான் மெதுவாக எண்ணுவேன். எங்கள் இடத்துக்கு வந்து விழ வேண்டியது ஒன்பதுக்குள் விழுந்துவிடும். ஒன்பது தாண்டினால் அது எங்களுக்கு இல்லை. அப்போது மனைவி "போட்டுது" என்பாள். தலைக்கு மேலால் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் மூச்சு விடுவோம். மடியில் கிடந்த மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு அந்தப் பங்கரே ஞாபகம் இல்லை. எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம், இல்லை என்றுதான் சொல்லுவாள்.

இனி அந்தக் கிளினிக்காரர்கள் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இல்லாத குரல் கேட்கிறது. மகளிடம் சொன்னால் வியாழக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டால், என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இன்றிரவு அந்த வீட்டில் தனியாகப் படுக்க வேண்டும். மறுபடியும் கேட்டது. ஒண்டு. ரெண்டு. இம்முறை காது கொடுத்துக் கேட்டேன். ஒம்பது. ஓசை. "போட்டுது."

பொறுப்பாளர் பின்னால் வந்து நின்றார். முடியவில்லையா என்று கேட்டார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் என் வீடே போய்விடலாம் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"யாராவது எண்ணுகிறார்களா?"

அவர் என் தோளைத் தொட்டு, சுவரோரம் கூட்டிப்போனார். குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்கள் மகள்தான். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். ஒன்பது சொல், பிறகு சுடுவாள், பிறகு இன்னொரு சொல். என்ன மொழி என்று நாங்கள் கேட்டதில்லை."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். இங்கே அது ஒரு வழக்கம். ஒருவருடைய பழக்கத்தை அவரிடம் சொன்னால் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். பிறகு குறி போய்விடும். நீங்களும் சொல்லாதீர்கள்."

நான் நின்ற இடத்திலிருந்து தடுப்புக்கு அப்பால் அவளைப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது. கை நேராக நீண்டிருந்தது. உடம்பில் ஒரு அசைவும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் பெற்ற பிள்ளைதான். ஆனாலும் அந்த அரை இருட்டில் அவளிடம் போகக் கால் வரவில்லை. கடைசிச் சொல் வந்தபோது அவள் முகம் ஒரு கணம் தளர்ந்தது. அதுவும் தாயின் முகம்தான்.

கை கழுவும்போது அவள் பக்கத்தில் நின்றாள். "பரவாயில்லையே அப்பா, நடுக்கமே இல்லை. ஏன் ரெண்டாவதைச் சுடாமல் விட்டியள்?"

"குளிராக் கிடந்துது," என்றேன்.

ஹரோவுக்குக் காரில் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே கொண்டாட்டம். இனி அவள் என்ன சொல்ல முடியும்? நான் எண்ணினால் வியாதி, நீ எண்ணினால் விளையாட்டோ என்று கேட்கலாம். வெள்ளைக்காரர் சாட்சி. ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு வருடமாக நீ செய்வதைத்தான் நானும் செய்கிறேன், கிளினிக்குக்குப் போவதென்றால் இரண்டு பேரும் போவோம் என்று சொல்லலாம். அவர் சொல்லாதீர்கள் என்றது குறிக்காகத்தானே? என் வீட்டை விட ஒரு அட்டையில் விழும் துளை பெரிதா? தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நிதானமாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போதே பொழுதுபட்டுவிட்டது. கார்த்திகை மாதத்து நாலு மணி இருட்டு. அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தொட்டியில் வைத்தாள். நான் வாயெடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எழுந்து, சப்பாத்துப் போட நடைக்குப் போய்விட்டாள். நடை விளக்கு போடப்படவில்லை.

"பிள்ளை, ஒரு கதை இருக்கு," என்றேன் குசினியிலிருந்து.

"சொல்லுங்கோ."

அப்போது தொலைவில் ஒரு 'டும்' கேட்டது. வாணவேடிக்கை. இந்த மாதத்தில் இந்த நாட்டில் அதுவும் வழமைதான். எங்கள் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. நான் நாக்கைப் பல்லோடு அழுத்தினேன்.

ஒண்டு. ரெண்டு. மூண்டு.

நடையிலிருந்து வந்தது. நான் அசையவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் அதற்கு நடுவே கேட்டது. எட்டு. ஒம்பது.

"போட்டுது."

அந்தக் குரல் நாலு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் கேட்டது. சீனிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடையில் சப்பாத்து ஒன்று கீழே விழுந்தது.

"அப்பா." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "இப்ப நீங்களோ சொன்னது?"

"எது?"

"எண்ணினது. பிறகு... அம்மா சொல்லுற மாதிரி ஒண்டு. எனக்குக் கிட்டத்தான் கேட்டது. நீங்கள்தானே?"

குசினி வாசலுக்குப் போனேன். இருட்டில் அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் காலுறை. கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவறையில் நான் தொட்டுப் பார்த்தது போலவே.

விளக்கைப் போட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "நான்தான்."

அவள் மூச்சை விட்டாள். முகத்தில் பயம் போய், என்னைப் பார்க்கும் அந்தப் பழைய கவலை வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வாறன்," என்றாள். "வெளிக்கிட்டு ஆயத்தமா இருங்கோ."

"இருக்கிறன்."

அவள் கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன். அதற்குள் அடுத்த வெடி எழுந்தபோது நான் வாய்விட்டு, அவளுக்கும் தெருவுக்கும் கேட்கும்படி எண்ணினேன்.