அந்தச் சுத்து

தேனியில் எங்கள் பட்டறையைப் பலரும் "தொடப்பக் கம்பெனி" என்பார்கள். நான் திருத்துவதில்லை. பிரஷ் சீல் என்று சொன்னால், "பல்லு வெளக்குறதா?" என்று கேட்பார்கள். அதற்குத் தொடப்பமே மேல்.

நாங்கள் செய்வது வளையம். நூற்பாலை இயந்திரத்தில் சுழலும் தண்டு, மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதன் வழியே பஞ்சுத்தூசி பறக்காமலிருக்க, தண்டைச் சுற்றி இழைகளால் அடைக்க வேண்டும். கம்பி இழை உரசினால் தீப்பொறி வரலாம், அதனால் பஞ்சு ஆலைக்கு நைலான்தான். இரண்டு அலுமினிய வளையங்களுக்கு நடுவே நைலான் இழைகளைச் சாய்வாக அடுக்கி, பிசின் ஊற்றி இறுக்கி, உள்விளிம்பைச் சீராக வெட்டுவோம். அந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டு சுழலும் பக்கமாகச் சாய்ந்திருந்தால், பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இழைகள் மல்லுக்கு நிற்கும், ஒடியும், தண்டில் சுற்றிக்கொள்ளும்.

வலமாகச் சுழல்வதற்குப் பட்டறையிலும் ஆலைகளிலும் "சாமி சுத்து" என்று பெயர். கோயிலைச் சுற்றுகிற திசை அது. இடமாகச் சுழல்வதற்குப் பெயரே கிடையாது. பிணத்தைச் சுற்றுகிற திசை. விடிந்ததும் வேலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு அதை யார் வாயால் சொல்வது? பட்டறைக்குள் "அந்தச் சுத்து" என்போம். என்னோடு வேலை பார்க்கும் நான்கு பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். டிப்ளமா படித்த நானும் அப்படித்தான் சொல்வேன். ஆர்டர் நோட்டில்கூட "அ.சு." என்றுதான் எழுதுவேன். படிப்பு இந்த விஷயத்தில் ஒன்றும் செய்துவிடவில்லை.

ஒருநாள் ஓர் ஆலையின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார்.

"யக்கா, ஒரு சீல் அவசரமா வேணும். போன தடவ குடுத்தீகள்ல, அந்தச் சுத்துதான்."

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "அந்தச் சுத்துதானே?" என்று திரும்பக் கேட்டேன்.

"ஆமாக்கா, அந்தச் சுத்தேதான்."

போன தடவை கொடுத்ததையே அவர் கேட்டார். நான் அதை எங்கள் பட்டறையின் "அந்தச் சுத்து", வாயால் சொல்லாத திசை என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை. என் கையாலேயே இடச்சாய்வாக அடுக்கி, மறுநாள் அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடியும் பேசினார். "இன்னொன்னு வேணும்க்கா. ஒரு ஆளு குடிச்சுட்டு வந்து, மிஷின் நிக்கிறதுக்குள்ள கைய விட்டு சீலப் பிச்சுட்டான். ரெண்டு வெரலு போச்சு. இழை தானா உருவிக்கிட்டு வந்துச்சு, அத எடுக்கத்தான் போனேன்னு கத விடுறான். புது சீலு எப்பிடிக்கா உருவும்? வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக."

சுத்து எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எப்பயும் போல சாமி சுத்துதான். மாத்தி யாரு ஓட்டுவா?"

சரியான வளையத்தைச் செய்து அனுப்பினேன். வாயைத் திறக்கவில்லை. ஆலை ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான், நான்கு பெண்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதற்கப்புறம் அந்த விரல்கள் என்னை விடவில்லை. சோறு பிசையும்போது என் விரல்களில் இரண்டு மரத்துப் போகும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளையெல்லாம் பார்ப்பேன், ஒவ்வொன்றிலும் ஐந்து இருக்கிறதா என்று. முகம் தெரியாத அந்த ஆள் பட்டறையில் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் அடுக்கும் சாய்வைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திரும்பினால் மின்விசிறிதான் ஓடும். கோயிலில் சுற்றும்போது பாதிப் பிரகாரத்தில் எந்தப் பக்கம் போகிறேன் என்று குழம்பி நின்றுவிடுவேன். கோயிலுக்குப் போவதையே விட்டேன். என் வீட்டுக்காரர் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பட்டறைப் பெண்களில் ஒருத்திக்கு ஊர் ஜெயமங்கலம். ஒருநாள் சாப்பிடும்போது, "எங்க தெருவுல ஒருத்தருக்கு மில்லுல ரெண்டு வெரலு போயிருச்சுக்கா. குடிகாரன்னு பேராகி, வேற எங்கயும் வேல குடுக்க மாட்டேங்கிறாக" என்றாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அப்போதே பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். இடக்கையால் அழுத்தி, வலக்கையில் மிச்சமிருந்த விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். சாய்வைச் சொன்னேன், போனைச் சொன்னேன், தப்பு என்னுடையது, இழை தானாகத்தான் உருவியிருக்கும் என்றும் சொன்னேன். ஆலைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அடிக்கட்டும், ஏசட்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குக்கா சொல்றீக? இழை உருவுனது எனக்குத் தெரியும். நான் குடிக்கலங்கிறதும் எனக்குத் தெரியும்" என்றார். குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்த தன் மனைவியைக் காட்டினார். "அந்தா வர்றா, அவகிட்ட சொல்லுங்க. புது சீலு எப்பிடி உருவும்னு அவளும்தான் கேக்குறா."

அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டாள். இடுப்பில் தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை, புருஷனிடம் திரும்பினாள்.

"ஏன்யா, இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றார் அவர்.