தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பேய்க் கதை கட்டிப் பிழைக்கிறவள் இல்லை நான். பி.ஏ. படித்தவள். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். நான் சொல்கிறேன், இது நடந்தது. இந்த 1961 ஆனி மாதம், திண்டுக்கல் பேகம்பூரில், பட்டப்பகலில்.

பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் தவிட்டம்மாள். எனக்கு முன்னால் மூன்று பெண்கள் பிறந்து செத்தார்கள். அவர்கள் பெயரைக்கூட வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான்காவதாவது தங்கட்டும் என்று என்னைக் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டு மாயம்மாளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாளாம் அம்மா. சாவை ஏமாற்றுகிறார்களாம்! கல்லூரியில், “மாட்டுக்கு வச்சது போக மீந்ததா?” என்று சிரித்தார்கள். கல்லூரி முடித்ததுமே கெஜட்டில் பெயரை மாற்ற மனுப் போட்டேன்; வாத்தியார் வேலையில் சேர்ந்த வாரம்தான் அது வந்தது. பொற்கொடி. ஏனோ அதுதான் மனதில் வந்து நின்றது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள். வராந்தாவின் மறுகோடியிலிருந்து தலைமையாசிரியை செபஸ்தியம்மாள் கூப்பிட்டார்.

“பொற்கொடி!”

“வாரேன்…”

நான் சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளைக் குரல். திரும்பினேன். வெறும் சுவர்.

“என்ன டீச்சர், மழலை பேசுற வயசா?” என்று அவர் சிரித்தார்.

மறுநாளும் அப்படித்தான். நான் வாய் திறப்பதற்குள் பதில் போய்விடும். நாளுக்கு நாள் கிட்டத்தில்… பிறகு காதோரம்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். வாடகை அறையில் நான் மட்டும். வீட்டுக்கார அம்மா குர்ஷித் பேகம் முற்றத்திலிருந்து கூப்பிட்டார்.

“பொற்கொடிம்மா, தண்ணி வந்திருச்சு!”

“வாரேன்…”

இந்த முறை அது என் வாயிலிருந்தே வந்தது.

கத்தினேன். சத்தம் வரவில்லை. குர்ஷித் பேகம் எட்டிப் பார்த்தார். நேர் எதிரே நிற்கிறேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

“சத்தம் கேட்டுச்சே… எங்க போச்சு இந்தப் பொண்ணு?”

போய்விட்டார்.

கால் நகரவில்லை.

யாரோ என்னை ஓரமாகத் தள்ளினார்கள்… உள்ளேயிருந்து.

“ஏத்தா தவிடு!”

வாசலில், ஊரிலிருந்து வந்த அம்மா. கையில் கத்தரிக்காய்ப் பை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கைகால் என் வசம் வந்தது. அப்படியே தரையில் விழுந்தேன்.

“உள்ள யாருத்தா சின்னப் புள்ள? ‘அம்மா வந்துட்டா’ங்குது?”

பெயர் மாற்றியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தப் பேரை ஒனக்கு எவ சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் வச்சேன்.”

“மூத்தவ பேருடி அது. ஆறு வயசுல காலராவுல போனா. ஆசையா வச்ச பேராச்சேன்னு அடுத்ததுக்கும் அதையே வச்சாரு ஒங்கப்பன். அதுக்கடுத்ததுக்கும். ரெண்டும் பேரு வச்ச மாசத்துக்குள்ளயே…”



மறுநாள் செபஸ்தியம்மாளிடம் போய், என்னைத் தவிட்டம்மாள் என்றே கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். “கெஜட்டுல உள்ள பேரைத்தான் கூப்பிட முடியும் டீச்சர்,” என்றார். திரும்ப மாற்ற மனுப் போட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் ஆகுமாம்.

தினமும் கூப்பிடுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பதில் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்கு அந்தப் பெயர் வந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை.