குடலில் விழுந்த கீறல்

அந்தக் கையுறை எஃகு வளையங்களால் பின்னியது. மீன் வலைபோல மடியும், கையில் எடுத்தால் கனக்கும். டேனிஷ் ஊரான ஹோர்சன்ஸில் பன்றி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த என் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, இடது கையில் அதை மாட்டிக்கொண்டுதான் கத்தியைத் தொடுவார். இப்போது அது அப்பாவிடம் இருக்கிறது. நாங்கள் நத்தார் என்னும் கிறிஸ்மஸுக்குக் கேக் வெட்டும்போது மாட்டிக்கொள்வார். பாண் ரொட்டி வெட்டவும் மாட்டுவார், வெங்காயம் அரியவும் மாட்டுவார். “மோர்ஃபாருக்குக் கேக் என்றால் பயமா?” என்று என் மகன் டேனிஷில் கேட்பான். அம்மாவின் அப்பாவை இங்கே பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள். மேசையில் இருக்கும் பெரியவர்கள் யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.

மாமி தங்கமான மனுஷி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. வாய்க்கு முன்னே கை பேசும் ஆள் அவர். மன்னாரில் சண்டை அவருடைய கணவரைத் தின்றது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பயப்படவில்லை. பெண்ணுக்கு அந்த இடம் சரிவராது என்று சொன்ன மேற்பார்வையாளர்மீது சப்பாத்தைக் கழற்றி எறிந்துதான் குடல் எடுக்கும் இடத்தைப் பிடித்தார் என்று சொல்வார்கள். ஒருமுறை குடும்பத்தாரை உள்ளே விட்ட நாளில் நானும் போய்ப் பார்த்தேன். பின்னங்காலில் தொங்கிக்கொண்டு பன்றிகள் நகரும் சங்கிலியில் வரிசையாக வந்தன. மாமி அடிவயிற்றில் கத்தியை வைத்து நெஞ்சுவரை ஒரே இழுப்பாக இழுத்தார். ஆவி பறக்கக் குடல் முழுவதும் சரிந்து அவர் கைகளில் விழுந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் அசிங்கம் இறைச்சியில் கொட்டும், சங்கிலி நிற்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாமியின் இடத்தில் சங்கிலி நின்றதே இல்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கொன்றது.

நத்தாருக்கு முன் எங்கள் ஆட்கள் பங்கு போடுவார்கள். ஊரில் செய்வதுபோல ஒரு மிருகத்தை வாங்கி, வெட்டி, குடும்பங்கள் பிரித்துக்கொள்வது. மாமி செத்த வருடம் ஹோர்சன்ஸுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் பன்றிப் பங்கு நடந்தது. கோல்டிங்கிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் சனம் வந்திருந்தது. அங்கே நின்ற ஆண்களும் பெண்களும் கிழமை முழுவதும் தொப்பி, கையுறை, கிருமிநாசினி என்று தொழிற்சாலைச் சட்டத்துக்குள் நிற்பவர்கள். பங்கு என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிவிட்டார்கள். சட்டம் வேலைக்கு, இது நம்முடைய பங்கு என்ற நினைப்பு. மாமியின் கையுறையும் தொழிற்சாலை அலுமாரியில்தான் தொங்கியது.

“ஒவ்வொரு முறையும் அக்காதான் வெட்டுறதோ? நானும் ஆம்பிளைதானே,” என்று அப்பா கத்தியை வாங்கினார். பேக்கரியில் வேலை செய்பவருக்கு அது தேவைதானா? கத்தியின் நுனி உள்ளே இறங்கியது. பச்சையும் மஞ்சளுமாகப் பீய்ச்சியடித்த நாற்றத்தில் நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். உள்ளே மாமியின் சத்தம் கூரையைத் தூக்கியது. “எடுபடுவானே! குடலைக் கிழிச்சுப்போட்டியே!” கத்தியைப் பறித்து அதன் தட்டைப் பக்கத்தால் அப்பாவின் மணிக்கட்டில் விளாசினார். பிறகு இரண்டு வெறுங்கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டுக் கிழிந்த குடலைப் பிய்த்து எடுத்தார். வாளித் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு, வழக்கம்போல ஈரலை அடுப்பில் இருந்த தாச்சியில் போட்டு, இன்னும் சிவப்பாக இருக்கும்போதே விரலால் எடுத்துத் தின்றார். ஈரல் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

சில நாட்களில் அவருக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தன. வயிற்றோட்டம் உள்ளவர் சொல்லிவிட்டு வீட்டில் நிற்கவேண்டும் என்பது தொழிற்சாலை விதி. நின்றால் தன் இடத்தில் வேறொருவர் கத்தி பிடிப்பார் என்று மாமி யாருக்கும் சொல்லவில்லை. மாதுளம்பழத் தோலை அவித்துக் குடித்தார், வயிற்றைக் கட்டும் குளிசை மாத்திரைகளையும் அள்ளிப் போட்டார், கூனிக்கொண்டே வேலைக்குப் போனார். அம்மா சண்டை பிடித்துத்தான் அவரை டொக்டரிடம் அனுப்பினார். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நோயெல்லாம் என் வாய் வழியாகத்தான் டேனிஷுக்குப் போகும். மலத்தில் இரத்தம் போகிறதா என்று டொக்டர் கேட்டார். முகம் எரிய எரிய அதைத் தமிழில் கேட்டேன். மாமி என்னை முறைத்தார். “குமர்ப்பிள்ளையோடை கதைக்கிற கதையே இது? இல்லையெண்டு சொல்லு.” குளிசையைப் பற்றியும் அவர் மூச்சு விடவில்லை. இல்லை என்று சொன்னேன். நிறையத் தண்ணீர் குடிக்கவும் கூடினால் உடனே வரவும் சொல்லி டொக்டர் அனுப்பினார்.

அந்த நாட்களில் மாமியின் வயிற்றுக்குள் நடந்தது எனக்கு இப்போது தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. அவருக்குள் போனது சல்மொனெல்லா. குடலின் உட்சுவரில் உயிரணுக்கள் ஒற்றை வரிசையாகத்தான் நிற்கின்றன, காகிதத்தைவிட மெல்லிய காவல் அது. இந்தக் கிருமி அந்த அணுவோடு ஒட்டி நின்று ஊசிபோல் ஒன்றைக் குத்தித் தன் சரக்கை உள்ளே ஏற்றும். குத்துப்பட்ட அணுவின் தோல் பொங்கியெழுந்து, கிருமியைத் தானே அணைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே பெருகிப் பெருகி அந்த அணுவைச் சாகடிக்கும், பிறகு பக்கத்து அணுவுக்குப் போகும். உடம்பு தன் படையை அனுப்பும். அந்தப் படை கிருமியைக் கொல்லுகிற வெறியில் சுவரையும் சேர்த்துக் குதறும். புண்ணாகும், இரத்தம் கொட்டும். வயிற்றோட்டம் என்பது உடம்பு எதிரியை வெளியே தள்ளும் வழி. மாமி குளிசை போட்டு அந்த வழியை அடைத்தார். அசையாமல் வீங்கிய குடல், ஊதிய பலூன்போல மெலிந்து மெலிந்து கடைசியில் கிழிந்தது.

சங்கிலியின் முன்னால், கத்தி கையில் இருக்கும்போதே விழுந்தார். வயிறு திறக்கப்படாத ஒரு பன்றி அவரைத் தாண்டிப் போனதாம், பிறகுதான் சங்கிலி நின்றதாம். பக்கத்தில் நின்ற தமிழ் அண்ணை அழுதுகொண்டு சொன்னார். ஆஸ்பத்திரியில் மாமியின் வயிறு பலகைபோல இறுகியிருந்தது. சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். “பிள்ளை, இரத்தம் போனது. கனக்கப் போனது. இப்ப சொல்லு.” சொன்னேன். வயிற்றைத் திறந்தபோது அசிங்கம் எங்கும் பரவியிருந்தது. நத்தார்ப் பூசைக்கு முன்பே மாமி செத்துப்போனார்.

அப்பா ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதினார். இரண்டு பேர் பிடித்தும் நிறுத்த முடியவில்லை, சுவரில் இரத்தம் வடிந்தது. “என்ரை கைதான், என்ரை கைதான்,” என்று கத்தினார். கிருமி கிழிந்த குடலில் இருந்து வந்ததா, சிவந்த ஈரலில் இருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அப்பாவிடம் கோபம் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் மாமியிடம்தான், இன்றைக்கும். டொக்டர் கேட்டதற்கு ஆமென்று ஒரு ‘ஓம்’ சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரே! தொழிற்சாலையிலிருந்து அவருடைய சாமான்கள் ஒரு பையில் வந்தன. கையுறையை அப்பா எடுத்துக்கொண்டார்.

போன நத்தாருக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அடிக்கடி எழுந்து போனார், வந்து உட்கார்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. கேக் வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். சம்பந்திகளான என் கணவர் வீட்டாரும் பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள்.

“அப்பா, வயித்தாலை போகுதோ?” என்றேன்.

“சாப்பாட்டு மேசையிலை என்ன கதை பிள்ளை இது?”

“இரத்தம் போகுதோ?”

அம்மா என் தொடையில் கிள்ளினார். சம்பந்தியம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கேக்கின்மேல் வைத்திருந்த தன் இடது கையை, அந்த எஃகு வளையங்களை, வெகுநேரம் பார்த்தார்.

“ஓம்,” என்றார் எல்லோருக்கும் கேட்க. “கன நாளாய்ப் போகுது.”

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அப்பா கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றாமலே வந்து காரில் ஏறினார்.